கடையில் பிளாக்பெர்ரி: கேள்வி பதில்

வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு மளிகைப் பேரங்காடியின் காய்கனிப் பிரிவில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவற்றுள் கடைசி 9 ஆண்டுகள் பிரிவின் பொறுப்பும் என்னிடமே இருந்தது. பிளாக்பெர்ரியை இறக்குவது, அடுக்குவது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: டாலஸ் பக்கத்தில் சிறிய இந்திய மளிகைக் கடை வைத்திருக்கிறேன், அக்கா. மொத்தச் சந்தையில் வாங்கிவரும் பிளாக்பெர்ரி மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்துவிடுகிறது. சரக்கு மோசமா, என் கடையில் தவறா?

சரக்கு கைக்கு வந்தவுடன் ஒரு டப்பாவைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள், தம்பி. அடியில் விரித்திருக்கும் உறிஞ்சுதாளில் ஊதாக் கறை பரவியிருந்தால், பழம் வழியிலேயே அடிபட்டோ சூடேறியோ வந்திருக்கிறது. அந்த டப்பா அடுக்கி வந்த தட்டையே வாங்காதீர்கள். தாள் வெள்ளையாக இருந்தும் மூன்றாம் நாள் பூஞ்சை வந்தால், பெரும்பாலும் உங்கள் கடையில்தான் எங்கோ குளிர் விட்டுப்போகிறது.

பிளாக்பெர்ரிக்கு ஏற்ற வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் 90 முதல் 95 விழுக்காடு. குளிர்காலத்தில் உங்களுக்கு வரும் பழம் பெரும்பாலும் மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில், லோஸ் ரெயெஸ் வட்டாரத்தில் பறிக்கப்படுவது. பறித்த சில மணி நேரத்துக்குள் குளிர்காற்றை டப்பாக்களின் துளைகள் வழியே உறிஞ்சி இழுத்துச் சூட்டைத் தணித்து, குளிர் லாரியில் ஏற்றி, எல்லை தாண்டி டெக்சஸ் வரை கொண்டுவருகிறார்கள். அவ்வளவு தூரம் காப்பாற்றி வந்த குளிரைக் கடை வாசலில் அரை மணி நேரத்தில் தொலைத்துவிடலாம். ஓர் ஆண்டு ஜூலை மாதம், வேறு சரக்கை முதலில் உள்ளே எடுக்கும் அவசரத்தில், பெர்ரித் தட்டுகளை இறக்குமேடையில் ஒன்றரை மணி நேரம் நிற்க விட்டுவிட்டோம். பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குளிரறைக்குள் வைத்த பிறகு டப்பா மூடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்தது. மறுநாள் மாலைக்குள் ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு மூன்று பழங்களில் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தது. சரக்கில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிற்று.

அந்தச் சாம்பல் பூஞ்சையின் பெயர் போட்ரைடிஸ். செடி பூக்கும் காலத்திலேயே தொற்றிக்கொண்டு பழத்துக்குள் உறங்கிக் கிடக்கக்கூடியது அது. 0 டிகிரியில்கூட மெதுவாக வளரும். சூடும் ஈரமும் சேர்ந்துவிட்டால் ஒரு பழத்திலிருந்து பக்கத்துப் பழத்துக்குப் பற்றிக்கொண்டே போகும். ஆகவே லாரியிலிருந்து முதலில் இறங்கிக் குளிரறைக்குள் போக வேண்டியது பெர்ரிதான். விற்பனை அடுக்கில் ஒரு வேளைக்கு விற்கும் அளவு மட்டும் வையுங்கள். பழைய தட்டு முன்னால், புதியது பின்னால். கீரைக்கு நீர் தெளிக்கும் குழாயின் கீழே ஒருபோதும் வைக்காதீர்கள். வாசலருகே மேசை போட்டு அழகாகக் குவித்து வைக்கும் வழக்கம் இருந்தால், இன்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கறுத்த பழத்தில் நடுநடுவே சிவப்பு மணிகள் தெரிகின்றன. காயாகப் பறித்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. பழம் முழுக் கறுப்பாகத்தான் பறிக்கப்பட்டிருக்கும். பறித்த பிறகு அடிபட்ட மணிகள் கறுப்பிலிருந்து சிவப்புக்குத் திரும்பியிருக்கும். ஒரு பிளாக்பெர்ரி என்பது பல சிறு மணிகள் ஒரு நடுத்தண்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் கூட்டுப்பழம். ஒவ்வொரு மணியும் தனித்தனிச் சாறுப்பை போன்றது. அழுத்தத்தாலும், வெப்பத்தில் பறித்துத் திடீரெனக் குளிரூட்டுவதாலும் மணிக்குள் உள்ள உயிரணுக்கள் சிதைகின்றன. அதனால் நிறமியும் மாறிவிடுகிறது. ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் 1964 முதல் பிளாக்பெர்ரி இன வளர்ப்பு நடந்து வருகிறது. இந்தக் குறை குறைவாக வரும் கெட்டிப் பழ வகைகளை உருவாக்குவதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. வெயில் ஏறுமுன் காலையிலேயே பறித்தால் சிவப்பு குறையும் என்பது தோட்டக்காரர்கள் நன்கறிந்த செய்தி.

ஒன்றிரண்டு சிவப்பு மணிகள் இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். காம்பு இருந்த முனையைச் சுற்றிலும் சிவந்து, பழம் கல்லாக இருந்தால் அது காய். பறித்த பிறகு பிளாக்பெர்ரி இனிப்பு ஏறாது. வீட்டில் வைத்துப் பழுக்கவைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வாங்கி வந்தவுடன் கழுவி டப்பாவில் போட்டு வைக்கலாமா?

கூடாது. சாப்பிடும் நேரத்தில், சாப்பிடும் அளவை மட்டும், ஓடும் தண்ணீரில் மென்மையாக அலசுங்கள். மணிகளுக்கிடையே தங்கும் ஈரம் பூஞ்சைக்கு விருந்து.

கேள்வி: பிளாக்பெர்ரி என்பது நம் ஊர் நாவல்பழம்தானே அக்கா? எங்கள் கடைப் பலகையில் தமிழில் 'நாவல்' என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். நாவல் ஒரே கொட்டையுள்ள மரத்துப் பழம். கொய்யாவும் கிராம்பும் அதன் குடும்பம். பிளாக்பெர்ரியோ ரோஜாக் குடும்பத்து முட்செடியில் காய்ப்பது. நிறம் ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் நாவலுக்கு ஆங்கிலப் பெயர் பிளாக்பெர்ரி என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். வழக்கில் இருப்பதை மறுக்க முடியுமா?

வழக்கில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைப் பலகை என்பது வாங்குபவருக்கு நாம் தரும் வாக்கு. நாவலின் துவர்ப்பை நினைத்து வருபவர் இதை வாயில் போட்டால் ஏமாந்துதான் போவார். ஔவையார் கதையில் உதிர்ந்த நாவல்பழத்தின் மண்ணை ஊதி ஊதித் தின்கிறார்கள் அல்லவா? நாவலுக்குத் தோல் உண்டு, அது தாங்கும். பிளாக்பெர்ரி அந்த உயரத்திலிருந்து விழுந்தால் ஊதுவதற்குப் பழமே மிஞ்சாது. அதைக் கையாளும் முறை முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால்தான் பெயரில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் உடுமலைப் பக்கம் பட்டுப்பூச்சிக்கு வளர்க்கும் முசுக்கட்டையின் பழம்தான் பிளாக்பெர்ரி. பார்க்க அச்சு அசல் அதுவேதான்.

அதுவும் இல்லை, ஐயா. முசுக்கட்டை மரம் ஆலமரத்தின் குடும்பம். பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நீளமாக, பச்சைக் காம்போடு சேர்ந்தே வரும். பிளாக்பெர்ரி காம்பை விட்டுக் கழன்று வரும்.

கேள்வி: கொடைக்கானலில் பாதையோர முட்புதரில் சிறுவயதில் பறித்துத் தின்ற கருநீலப் பழம் எது, அக்கா? அதையும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் சொல்வது பிளாக்பெர்ரியின் நெருங்கிய உறவாகவே இருக்க வேண்டும். பிளாக்பெர்ரி சேர்ந்திருக்கும் ரூபஸ் பேரினத்துச் செடிகள் நம் மேற்கு மலைகளில் இயல்பாகவே வளர்கின்றன. மைசூர் ராஸ்பெர்ரி எனப்படும் ரூபஸ் நிவியஸ் அவற்றுள் ஒன்று, பழுத்தால் கருநீலமாகும். நினைவுபடுத்திப் பாருங்கள்: பறித்த பழத்தின் உள்ளே குழியாக, தொப்பி போல இருந்ததா? நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிட்டுப் பழம் குழியாகக் கழன்றால் ராஸ்பெர்ரி வகை. வெண்மையான நடுத்தண்டு பழத்துக்குள்ளேயே வந்தால் பிளாக்பெர்ரி வகை. அந்தத் தண்டு உள்ளிருந்து தாங்குவதால்தான் பிளாக்பெர்ரி ராஸ்பெர்ரியைவிடச் சற்று அதிக நாள் கடையில் நிற்கிறது. பலகையில் தமிழில் எழுத விரும்பினால் 'பிளாக்பெர்ரி' என்றே எழுதுங்கள்.

கேள்வி: வினிகர் கலந்த நீரில் கழுவி வைத்தால் 10 நாள் தாங்கும் என்று காணொளியில் பார்த்தேன்.

கழுவுவதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். முழுவதும் உலர்த்தாமல் வைத்தால் எந்த நீரானாலும் கேடுதான். இந்தப் பழத்தை முழுவதும் உலர்த்துவது மிகக் கடினம்.

கேள்வி: உப்புத் தண்ணீரில் போட்டபோது சிறு வெண்புழு வெளியே வந்தது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் தொடுவதில்லை.

அது பெரும்பாலும் டிரோசோஃபிலா சுசுகி என்னும் சிறு ஈயின் புழு. ஆசியாவிலிருந்து வந்த ஈ. கலிஃபோர்னியாவில் 2008இல் கண்டறியப்பட்டது. மற்றப் பழ ஈக்கள் அழுகிய பழத்தை நாடும். இதன் பெண் ஈக்கு ரம்பம் போன்ற முட்டையிடும் உறுப்பு இருப்பதால், செடியில் பழுத்துவரும் நல்ல பழத்தைக் கீறி உள்ளேயே முட்டையிடுகிறது. தெரியாமல் விழுங்கிவிட்டால் தீங்கில்லை. புழுவின் வளர்ச்சியையும் அடக்குவது குளிர்தான்: வெளியே நின்ற நேரம் எவ்வளவோ, புழு வளர்ந்ததும் அவ்வளவு.

கேள்வி: பூஞ்சை பிடித்த பழத்தை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, மற்றதை வேறு டப்பாவில் மாற்றி விற்கலாமா?

விற்காதீர்கள். கை படும் ஒவ்வொரு முறையும் மணிகள் உடைகின்றன; பக்கத்துப் பழத்தில் தொற்று ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதோடு டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் குறியீடும் போய்விடும். நாளை ஏதேனும் ஒரு தோட்டத்துச் சரக்கைத் திரும்பப் பெறச் சொன்னால், எது எங்கிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. பூஞ்சை தெரிவதற்கு முன், பழம் பளபளப்பு மங்கும்போதே விலையைக் குறைத்து அன்றே விற்றுவிடுங்கள். மங்கிய கறுப்பு நன்றாகப் பழுத்ததற்கும் அடையாளம். அன்றைக்கே சாப்பிடுபவருக்கு அதுதான் இனிப்பு.

கேள்வி: சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: சென்னை மாடித்தோட்டத்தில் வளருமா?

செடி வளர்ப்பு என் துறை இல்லை. தோட்டக்கலைத் துறையினரிடம் கேளுங்கள்.

கேள்வி: வெந்நீரில் கழுவி வைத்தால்?

கழுவி வைக்கவே வேண்டாம். எந்த நீரிலும் வேண்டாம்.

கேள்வி: ஆரிகன் போனபோது சாப்பிட்ட மேரியன்பெர்ரியின் சுவையை மறக்க முடியவில்லை. நம் கடைகளில் ஏன் பச்சையாக வருவதில்லை?

அதுவும் பிளாக்பெர்ரிதான், ஆரிகனில் உருவாக்கி 1956இல் வெளியிட்ட வகை, மேரியன் வட்டத்தின் பெயரைத் தாங்கியது. மணமும் புளிப்பும் அப்படி ஒரு பொருத்தம். ஆனால் பழம் மிக மென்மை, நெடும்பயணத்தைத் தாங்காது. ஆகவே உறையவைத்தோ ஜாமாகவோதான் பெரும்பாலும் வெளியூர் போகிறது. உறைபதனப் பகுதியில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: நான்கு டப்பா மலிவாகக் கிடைத்தது, இரண்டு பேருக்கு மிகுதி. என்ன செய்வது?

இன்று உண்ண வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மீதியை இன்றிரவே உறையவையுங்கள். பூஞ்சையோ கசிவோ உள்ளவற்றை நீக்கிவிட்டு அலசி, துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். ஒன்றோடொன்று படாமல் தட்டில் ஒரே அடுக்காக வைத்து, கல் போல உறைந்ததும் பையில் கட்டி மறுபடி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உடனே உறையப் போவதால், அலசிவிட்டு எடுத்து வைக்கலாம் என்று நான் சொல்வது இந்த ஓர் இடத்தில் மட்டுமே.