தவழாமலே நடக்க ஆரம்பிக்கிற குழந்தைங்க பின்னாடி நார்மலா வளருவாங்களா?

உங்க குழந்தைக்கு ஒன்பது பத்து மாசம் இருக்கும், நல்லா உக்காருது ஆனா முட்டி போட மாட்டேங்குது, அதுக்குள்ள யாரோ எதையோ சொல்லி பயமுறுத்திட்டாங்க, சரிதானே? பெரும்பாலான குழந்தைங்க நல்லாத்தான் வளருவாங்க. என் பொண்ணு தவழவே இல்ல. இப்ப ஸ்கூல் போறா, சைக்கிள் ஓட்டுறா, கதை புக்கு கையில கிடைச்சா கீழ வைக்க மாட்டா.

குப்புற போட்டாலே அவளுக்கு அழுகைதான். உக்காந்த வாக்குலயே ரெண்டு குதிகாலையும் தரையில ஊனி உந்தி உந்தி வீடு பூரா போவா, பேன்ட்ல பின்பக்கம் மட்டும் தேஞ்சு போயிரும். நிக்க வைக்கலாம்னு அக்குள்ல கை கொடுத்து தூக்கினா காலை தரையில வைக்கவே மாட்டா, அந்தரத்துலயே உக்காந்திருக்கிற மாதிரி முன்னாடி நீட்டிக்குவா. அதைப் பாத்துதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. டாக்டர் இடுப்பு, முதுகு, கால் எல்லாம் பாத்துட்டு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அசையுது, இப்படி உக்காந்தே நகர்ற குழந்தைங்க நடக்க கொஞ்சம் லேட்டாகும், குடும்பத்துல யாராவது இப்படி இருந்தாங்களான்னு கேட்டார். அப்பதான் என் மாமியார், உன் புருஷனும் இப்படித்தான் தேச்சுக்கிட்டே வருவான்னாங்க!

"ஒரு குழந்தையை வச்சு பொதுவா சொல்லாதீங்க"ன்னு யாராவது வருவீங்க, அதுக்கும் சொல்லிடறேன். உலக சுகாதார நிறுவனம் 5 நாட்டுல ஆரோக்கியமான குழந்தைங்களை கவனிச்சு 2006ல வெளியிட்ட ஆய்வுலயே 100க்கு 4 பேருக்கு கொஞ்சம் மேல முட்டி போட்டு தவழவே இல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022ல வளர்ச்சிப் பட்டியலை மாத்தினப்ப தவழ்றதையே எடுத்துட்டாங்க. அதை பிசியோதெரபிஸ்டுங்க பல பேர் ஒத்துக்கல, அதுவும் உண்மை. தவழ்றது வேண்டாத வேலைன்னு நான் சொல்லல, கைக்கும் தோளுக்கும் நல்ல பயிற்சிதான், முழிச்சிருக்கும்போது பக்கத்துலயே இருந்து கொஞ்ச நேரம் குப்புற படுக்க வைங்க.

எனக்கு ஆத்திரம் எதுலன்னா, ஒரு தெரபி சென்டர்ல, தவழலைன்னா மூளையோட ரெண்டு பக்கமும் சேந்து வேலை செய்யாது, பின்னாடி எழுதப் படிக்க வராதுன்னு அடிச்சுச் சொன்னாங்க, குழந்தையை தொட்டுக்கூட பாக்காம! அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல. இன்னொண்ணு, "இன்னும் தவழலையா"ன்னு கேட்டவங்க எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க, பக்கத்துலயே நின்ன என் வீட்டுக்காரரை ஒருத்தர்கூட கேக்கல. குழந்தை விஷயத்துல எது லேட்டானாலும் அம்மாதான் பதில் சொல்லணுமா என்ன?

நான் டாக்டர் இல்ல, ஆனா இதெல்லாம் இருந்தா காத்திருக்காம காட்டிருங்க: ஒன்பது மாசமாகியும் தானா உக்காரலை, ஒரு பக்க கைகாலை மட்டுமே இழுத்துக்கிட்டு நகருது, ஒரு வயசுக்கு முன்னாடியே ஒரே கையைத்தான் எதுக்கும் நீட்டுது, உடம்பு ரொம்ப விறைப்பா இல்ல துவண்டு இருக்கு, ஏற்கனவே செஞ்சதை செய்யாம விட்டுருச்சு. ஒன்றரை வயசாகியும் நடக்கலைன்னாலும் போகணும்.

வாக்கர் மட்டும் வாங்கிடாதீங்க. அதுல போட்டா சீக்கிரம் நடக்காது, படியில உருண்டு தலையில அடிபடறதுதான் நடக்குது, கனடாவுல 2004லயே தடை பண்ணிட்டாங்க.