நெப்ரைட் ஜேட் கல்லை வீட்டிலேயே செதுக்கி நகையாக விற்க முடியுமா?

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வீட்டோடு சின்னப் பட்டறை போட்டு நெப்ரைட் ஜேட்டில் பென்டன், காப்பு செய்து விற்றால் பிழைக்கலாமா, கல்லை எங்கே எடுப்பது?

விற்கலாம் தம்பி. நான் ஆரையம்பதியில் ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன், காலையில் வெள்ளி வேலை, பின்னேரம் கல். ஆனால் மரகதம் என்று சொல்லி விற்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பச்சையாக எதைக் கண்டாலும் நம் ஆட்கள் முதலில் கேட்பது "இது மரகதமா, புதனுக்குப் போடலாமா" என்றுதான். ஜேட் நவரத்தினத்தில் சேராது. நான் அப்படியே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் போய்விடுவார்கள், போகட்டும்.

ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு கற்கள் இருக்கின்றன. மியான்மாரில் இருந்து வரும் விலை கூடியது ஜேடைட். நாம் பேசுவது நெப்ரைட். 1863இல் அலெக்சி டமூர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர்தான் இரண்டும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். நெப்ரைட்டின் கடினம் மோஸ் அளவில் 6 முதல் 6.5 வரைதான், படிகக் கல்லை விடக் குறைவு. ஆனாலும் சுத்தியலால் அடித்தால் லேசில் உடையாது. உள்ளே மயிரிழை போன்ற நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன, தும்புக்கயிற்றைப் போட்டு மிதித்து இறுக்கியது போல. நியூசிலாந்து மாவோரி மக்கள் இதில் வாய்ச்சி செய்து மரம் செதுக்கியதும் அந்த உறுதியை நம்பித்தான்.

கல் தேடி இரத்தினபுரிப் பக்கம் போகாதீர்கள். அங்கே இல்லம் என்று சொல்லும் மணிக்கல் கிடக்கும் சரளை மண்ணில் நீலம், புஷ்பராகம், வைடூரியம் கிடைக்கும். நெப்ரைட் வெளியில் இருந்துதான் வரவேண்டும்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, சைபீரியா, சீனாவின் ஹோத்தான். அப்படி வரவழைப்பதில்தான் நான் ஏமாந்தேன். இரண்டாவது வருடம் இணையத்தில் ஒருவரிடம் மூன்று கிலோ வாங்கினேன். பார்க்க எண்ணெய் தடவியது போல நல்ல பச்சை. அறுக்கும்போது பிளேட் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. எனக்குக் கை தேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், மடையன்! பக்கத்துப் பட்டறை மாமா எட்டிப் பார்த்து, "கல்லுக்கு வலிக்கவே இல்லையே மனே" என்றார். அவருடைய பேனாக்கத்தி முனையால் ஒரு கோடு இழுத்தார், வெள்ளையாக விழுந்தது. நெப்ரைட்டில் அந்தக் கத்தி கீறாது.

பிறகு தராசில் வைத்தோம். ஒரு துண்டு 42 கிராம். அதையே நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 25.8. குறைந்தது 16.2. நாற்பத்திரண்டை அதால் பிரித்தால் 2.59, அதாவது கல் அதே அளவு தண்ணீரைப் போல 2.59 மடங்கு கனம். நெப்ரைட் என்றால் 2.95 பக்கத்தில் வந்திருக்க வேண்டும். வந்தது செர்பென்டைன், சந்தையில் "நியூ ஜேட்" என்று ஓடும் மலிவுக் கல். "இந்தியன் ஜேட்" என்பதும் அவென்சுரின் என்ற பச்சைப் படிகக் கல்தான், 2.65 வரும். அது கத்திக்கு மசியாது என்பதால் தராசுதான் காட்டிக்கொடுக்கும். வாடிக்கையாளர் அத்தாட்சி கேட்டால் கொழும்பில் இரத்தினக்கல் அதிகாரசபையின் ஆய்வுகூடம் இருக்கிறது. வியாபார உரிமத்துக்கும் அந்த அதிகாரசபையிடம்தான் போகவேண்டும், தொடங்குமுன் விசாரித்துவிடுங்கள்.

செதுக்கும் வேலையில் உளிக்கு இடமே இல்லை. எல்லாம் தேய்ப்புத்தான், வைரப்பொடி பூசிய பிளேட்டும் சின்னச் சின்ன முனைகளும். நான் பால்மா டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு மெஷினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். இதில் மட்டும் சோம்பல் படாதீர்கள். நெப்ரைட் என்பது டிரெமொலைட், ஆக்டினொலைட் வகைத் தாது. அஸ்பெஸ்டஸில் சில வகைகளும் இதே தாதுக்கள்தான். காய்ந்த தூசி நெஞ்சுக்குள் போகக்கூடாது. தண்ணீர் ஓடினாலும் நல்ல மாஸ்க் கட்டாயம். துணியைக் கட்டிக்கொண்டு உட்காருவது மாஸ்க் அல்ல. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பட்டறையை முற்றத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள், சேற்றைக் காயுமுன் கழுவிவிடுங்கள்.

மெருகுதான் உண்மையான தலையிடி. நார்கள் நாலா பக்கமும் ஓடுவதால் சில இடம் வேகமாகத் தேயும், சில இடம் முரண்டு பிடிக்கும். கடைசியில் பார்த்தால் தோடம்பழத் தோல் மாதிரி குழிகுழியாக நிற்கும். முதல் வருடம் எனக்கு எல்லாமே தோடம்பழம்தான். தேய்க்கும் பொடிக்கு நம்பர் உண்டு, நம்பர் கூடக் கூடப் பொடி மென்மை. 600இல் இருந்து நேராக 3000க்குத் தாவியதுதான் பிழை. இப்போது இடையில் 1200ஐ விடுவதில்லை. ஒவ்வொரு படி முடிந்ததும் கல்லைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். ஒரு கீறல் மிஞ்சியிருந்தாலும் பழைய படிக்கே திரும்புவேன். கடைசியில் தோல் பட்டையில் வைரப் பசை, மெதுவான சுற்று, கல் கையில் சுடக்கூடாது. ஒரு சின்னப் பென்டனுக்கு இரண்டு நாள் போய்விடும், கல்லில் பாதி சேறாக ஓடிவிடும். விலை சொல்லும்போது இதை மறக்காதீர்கள்.

வெள்ளியில் கூடு கட்டுங்கள். பற்றாசு வேலை முழுக்க முடிந்து, உலோகம் ஆறிய பிறகே கல்லை இறக்க வேண்டும். தங்கத்தில் கட்டினால் நம் ஊரில் ஓடாது. களுவாஞ்சிகுடியில் இருந்து வந்த ஓர் அக்கா பென்டனைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தா, பிடித்துத்தான் இருந்தது. கடைசியில் ஒரே கேள்வி: "தம்பி, அவசரத்துக்கு அடகு வைக்க ஏலுமா?" ஏலாது என்றேன், வைத்துவிட்டுப் போய்விட்டா. அவவைக் குறை சொல்ல முடியாது. இங்கே நகை என்பது கழுத்தில் தொங்கும் சேமிப்பு, கல்லுக்கு எடை கழிப்பார்கள்.

அதனால் என் விற்பனையில் பெரும்பகுதி பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் சீசன் மாதங்களில்தான். வெளிநாட்டுக்காரருக்கு ஜேட் பழக்கமான பெயர். ஆனால் மாவோரி மக்களின் தூண்டில் முள் வடிவத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். அது அவர்களுடைய பரம்பரைச் சொத்து. நியூசிலாந்தின் தென் தீவுக் கல்லுக்கே 1997இல் சட்டம் போட்டு நை தாஹு என்ற மாவோரிக் குலத்திடம் உரிமையைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நியூசிலாந்துப் பெண் என் மேசையில் அந்த வடிவத்தைக் கண்டு முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகு நான் விட்டுவிட்டேன்.

இப்போது பாடும் மீன் செய்கிறேன். மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள். கல்லடிப் பாலத்தில் நின்று அந்தப் பாட்டுக் கேட்ட கதையைச் சொன்னால் போதும், நின்று கேட்டு வாங்குகிறார்கள். முதல் மீனை வீட்டில் காட்டியபோது மனைவி, "இது பாடுற மீனா, பொரிக்கிற மீனா?" என்றா. வாலைக் கொஞ்சம் வளைத்தேன். அந்த மூன்று கிலோ செர்பென்டைனிலும் மீன்தான் செய்கிறேன், தனித் தட்டில், பெயர் எழுதி, பாதி விலைக்கு.