கூட்டாஞ்சோறு டிகிரியா?

கேள்வி: திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருடம் முடித்ததும் கல்யாணம். 15 வருடமாக நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். வயது 36. போன வருடம் கிரீன் கார்டு வந்துவிட்டது. ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்து மொழிபெயர்ப்பதே எனக்குப் பாதி வேலை. அதையே தொழிலாக்க ஆசை. இங்குள்ள சமுதாயக் கல்லூரியில் விசாரித்தபோது, "லிபரல் ஸ்டடீஸ் எடுங்கள், உங்கள் டிகிரியை நீங்களே வடிவமைக்கலாம்" என்றார் ஆலோசகர். எனக்கு உளவியல், நியூட்ரிஷன், மொழியியல், கிராஃபிக் டிசைன், வரலாறு எல்லாமே பிடிக்கும். கணவரோ, "இது என்ன, கூட்டாஞ்சோறு டிகிரியா? இதுக்கு யார் வேலை தருவா?" என்கிறார். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், எடிசன்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நெல்லைக்காரருக்குக் கூட்டாஞ்சோற்றின் அருமை தெரியாமல் போனது ஆச்சரியம். கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை எல்லாம் போடுவோம். பாகற்காயை யாராவது போடுகிறோமா? எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தெரிந்தவர் கையில்தான் அது சோறு. நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து பாடங்களும் இப்போதைக்கு வெறும் காய்கறிக் கூடை.

"லிபரல்" என்ற சொல் வேறு குழப்புகிறது. நம் ஊரில் பரீட்சைத் தாள் திருத்துகிறவர் தாராளமாக மார்க் போட்டால்தான் அந்தச் சொல் காதில் விழும். அமெரிக்காவிலோ கட்சி அரசியல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. ஒரே துறையில் அடைபடாமல் பல துறைகளைச் சேர்த்துப் படிப்பது, அவ்வளவுதான். இது நேற்று முளைத்ததும் அல்ல. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேலட்டின் பள்ளி 1972-லிருந்து இப்படித்தான் நடக்கிறது. அங்கே மாணவர் தன் கலவைக்கான காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். முடிக்கும்போது ஆசிரியர்கள் முன் உட்கார்ந்து வாய்மொழியாகவும் பேச வேண்டும். அந்தக் கல்லூரிக் கட்டணம் நமக்கு எட்டாது. ஆனால் அந்த வழக்கத்தைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்: ஏன் இந்தப் பாடங்கள் என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் திட்டம் இன்னும் வேகவில்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். மருத்துவ மொழிபெயர்ப்பாளர் ஆவதற்குப் பட்டமே தேவையில்லை. சி.சி.எச்.ஐ. என்ற சான்றளிப்புக் குழு கேட்பது 18 வயது, பள்ளிப் படிப்பு, குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி, இரு மொழியிலும் தேர்ச்சிக்கான சான்று. தமிழுக்கென்று தனியாக வாய்மொழித் தேர்வு அவர்களிடம் இல்லை. ஸ்பானிஷ், அரபி, மாண்டரின் மூன்றுக்குத்தான் உண்டு. மற்ற மொழிக்காரர்கள் எழுதுவது கோர் சி.எச்.ஐ. என்ற பொதுத் தேர்வு. இதை இந்த வருடமே தொடங்கிவிடலாம்.

பயிற்சி எதற்கு, இத்தனை வருடமாகச் செய்வதுதானே என்று தோன்றும். ஒரு பாட்டி "நெஞ்சு கரிக்குது" என்கிறார். அதை நெஞ்சு வலி என்று சொல்லிவிட்டால் உடனே இ.சி.ஜி. எடுக்க ஓடுவார்கள். அவர் சொன்னது புளித்த ஏப்பமாக இருக்கலாம். மாறாக, அதை நாமே அஜீரணம் என்று முடிவு கட்டிச் சொல்லிவிட்டால், அது உண்மையிலேயே மாரடைப்பாக இருந்தால்? சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய், புரியாத இடத்தில் திருப்பிக் கேட்க, அந்த 40 மணி நேரத்தில் கற்றுத் தருவார்கள். அக்கம்பக்கத்து உதவிக்கும் தொழிலுக்கும் நடுவில் இருக்கும் கோடு அதுதான். ஆங்கிலம் தெரியாத நோயாளிக்கு மொழி உதவி தர வேண்டும் என்பது அங்கே சட்டமும்கூட. 1964-ம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவிலிருந்து வருவது.

அப்படியானால் பட்டம் எதற்கு? அதற்கு அடுத்த படிக்கு. தமிழ் அழைப்புகள் மட்டும் வைத்து முழு நேரச் சம்பளம் வருவது சிரமம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் மருத்துவமனையின் மொழிச் சேவைப் பிரிவை நடத்துபவர், நோயாளிகளின் குறைகேட்பவர், நிர்வாக மேலாளர் போன்ற பதவிகளுக்கு வழக்கமான நுழைவுத் தகுதி ஓர் இளங்கலைப் பட்டம். அங்கேதான் உங்கள் கலவைக்கு மதிப்பு.

ஆகவே கல்லூரிக் கையேட்டை மூடி வையுங்கள். முதலில் உங்களுக்குப் பிடித்த வேலை விளம்பரங்கள் பத்துப் பதினைந்து எடுத்து, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பேனாவால் கோடிடுங்கள். இன்சூரன்ஸ், நோயாளித் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம், எக்செல், புகார்களைக் கையாளுதல் என்று ஒரு பட்டியல் தானாக விழும். பாடங்களை அந்தப் பட்டியலிலிருந்து பின்னோக்கித் தேர்ந்தெடுங்கள்.

பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் புள்ளி, சேர வேண்டும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எல்லாரும் படிக்க வேண்டிய பொதுப் பாடம். பலர் அதை எது சுலபமோ அதை வைத்து நிரப்பிவிட்டுப் பிறகு வருந்துவார்கள். நீங்கள் கணக்குக்குப் புள்ளியியல் எடுங்கள், அல்ஜீப்ரா வேண்டாம். தத்துவத்துக்கு மருத்துவ அறநெறி. சமூகவியல் கட்டத்துக்கு மருத்துவ மானுடவியல் கிடைத்தால் விடாதீர்கள். அதற்கு மேல் உள்ள பாடங்களுக்கு இரண்டே கால்கள் போதும்: மொழியும் தொடர்பும் ஒன்று, சுகாதார நிர்வாகம் இன்னொன்று. உளவியலும் மொழியியலும் முதல் காலில் உட்காரும். முதியோரியலில் ஒரு பாடமாவது வேண்டும். உங்கள் நோயாளிகள் எல்லாம் அப்பா அம்மா வயதுக்காரர்கள்.

கிராஃபிக் டிசைன்தான் பாகற்காய். வரலாறு ஒரு பாடம் மனசுக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நியூட்ரிஷனும் ஒன்று போதும். அதைப் படித்தால் டயட்டீஷியன் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜனவரியிலிருந்து அந்தப் பதிவுத் தேர்வு எழுதவே முதுகலை வேண்டும்.

இந்தப் பட்டம் திறக்காத கதவுகளையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இதை வைத்து நர்ஸ் ஆக முடியாது. ஆனால் வேறு பட்டம் உள்ளவர்களுக்கென விரைவு நர்சிங் படிப்பு உண்டு. அதற்கு உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் கேட்பார்கள், அதுவும் பல இடங்களில் அண்மையில் படித்ததாக இருக்க வேண்டும். உங்கள் பழைய வேதியியல் கிரெடிட்டுக்கு உதவும், அங்கே உதவாமல் போகலாம். சமூகப் பணியில் முதுகலை படிக்க எந்த இளங்கலையும் போதும். ஆனால் அதே துறையில் இளங்கலை முடித்தவர்களுக்கு அங்கே காலக் குறைப்பு உண்டு, உங்களுக்குக் கிடையாது. மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆவதுதான் ஆசை என்று உள்ளுக்குள் இருந்தால் லிபரல் ஸ்டடீஸ் வேண்டாம், நேராக அந்தப் படிப்புக்கே போங்கள்.

கணவருக்குக் காட்ட ஒரு கணக்கு. நெல்லையில் படித்த இரண்டு வருடத்துக்கு 45 கிரெடிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 75. வருடத்துக்குக் கோடையையும் சேர்த்து மூன்று பருவம், பருவத்துக்கு இரண்டு பாடம், பாடத்துக்கு மூன்று கிரெடிட் என்றால் 18 கிரெடிட்; நான்கு வருடத்துக்குச் சற்று மேல். வீட்டிலேயே படித்து, கிரெடிட்டுக்காக எழுதும் கிளெப் தேர்வுகளில் நான்கை முடித்தால் 12 குறையும், மூன்றரை வருடம் ஆகும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தில் இலவசமாகப் படித்தால் தேர்வுக் கட்டணத்துக்கே வவுச்சர் தருகிறார்கள். எந்தக் கிளெப்பை ஏற்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சமுதாயக் கல்லூரியில் ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். என்ற இரண்டு வருடப் பட்டமாகவே முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது நல்லது. 2007-ல் வந்த மாநிலச் சட்டப்படி, நியூ ஜெர்சி அரசுப் பல்கலைக்கழகங்கள் அதை முதல் பாதியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏ.ஏ.எஸ். என்று ஓர் எழுத்துக் கூடினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கிரீன் கார்டு இருப்பதால் அரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தையும் நிரப்புங்கள். (வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: படிக்கலாம், மத்திய அரசு உதவி கிடைக்காது.) டிரென்டனில் உள்ள தாமஸ் எடிசன் மாநிலப் பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள், 1972-ல் வேலைக்குப் போகும் வயது வந்தோருக்காகவே தொடங்கியது. சில மாதங்களுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாத மனிதரின் பெயரில் ஒரு பல்கலைக்கழகம்! உங்கள் ஊரும் அவர் பெயரில்தான்.

ஆலோசகர் வாயால் "சரி, ஓகே" என்றால் போதாது. பாடத் திட்டத்தை மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். ஆலோசகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பட்டச் சான்றிதழில் "லிபரல் ஸ்டடீஸ்" என்று மட்டும் இருக்கலாம். உங்கள் சிறப்புப் பிரிவின் பெயர் மதிப்பெண் பட்டியலில் வருமா என்று பதிவாளரிடம் கேளுங்கள். வராது என்றால் ரெஸ்யூமேயில் நீங்களே எழுத வேண்டியதுதான். கடைசி வருடத் திட்டக் கட்டுரைக்கு, சர்க்கரை நோயாளிகள் வீடு திரும்பும்போது தரும் அறிவுரைத் தாளைத் தமிழில் செய்து, நாலு பெரியவர்களிடம் வாசிக்கக் கொடுத்து, அவர்களுக்கு எங்கே புரியவில்லை என்று எழுதுங்கள். நேர்முகத்தில் மேசைமேல் வைக்க அதைவிட நல்ல பொருள் இல்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அவசரம். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஆவணங்களைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பார்கள். இன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டு, பீரோவில் உங்கள் மதிப்பெண் பட்டியல் இருக்கிறதா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். தொலைந்திருந்தால் நகல் வாங்க யார் அலைவது என்பதையும் அதே போனில் பேசி முடித்துவிடுங்கள்.