சொந்த ஊரிலேயே இருந்து புள்ளியியல் ஆலோசகராகப் பிழைக்க முடியுமா? கல்லூரிப் படிப்பு போதுமா?

கேள்வி கேட்டவர் எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடிக்கப் போகிறாராம். சென்னை, பெங்களூரு என்று கிளம்பாமல் காரைக்குடிப் பக்கமே இருந்து தரவுப் பகுப்பாய்வு ஆலோசனையில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். நான் இங்கே அந்த வேலையைத்தான் செய்கிறேன். அதனால் பதில் சொல்லலாம்.

பிழைக்கலாம். படித்ததும் வீண் போகாது, ஆனால் அது வேலையின் பின்பாதிக்குத்தான் உதவும். முன்பாதி வேறு. கையில் கொடுக்கிற எக்செல் தாளில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது, அந்த வரி எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று கேட்டு வாங்குவது. என் நேரத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற தரைக்கல். மணல் வாங்கும் இடத்தை மாற்றலாமா என்பது அவர் யோசனை. "தம்பி, பழைய மணல்ல ஒரு வாரம் போட்டேன், புது மணல்ல அடுத்த வாரம் போட்டேன். புதுசுல உடைசல் கம்மி. மாத்திரலாம்ல?" என்றார்.

"அண்ணே, ரெண்டு வாரமும் ஒரே வெயிலா? போட்டது ஒரே ஆளா?" என்று கேட்டேன். முதல் வாரம் மழை. இரண்டாவது வாரம் பட்டறையின் பழைய கைக்காரர் ஊரிலிருந்து திரும்பிவிட்டார். ஆக, உடைசல் குறைந்தது மணலாலா, வெயிலாலா, கையாலா என்று அந்தக் கணக்கிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எந்த மென்பொருளாலும் முடியாது.

அவருக்குச் சொன்ன ஏற்பாடு இதுதான்: ஒரே நாளில், ஒரே ஆள், இரண்டு மணலிலும் போடட்டும். எந்தக் கல்லுக்கு எந்த மணல் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யட்டும். தொட்டியிலிருந்து எடுத்தபின் உடைசலை எண்ணுகிறவருக்கு எது எந்த மணல் என்று தெரியக் கூடாது. பாடத்தில் இதற்குச் சமவாய்ப்புத் தொகுதி அமைப்பு என்று பெயர். புள்ளியியலாளர் ஃபிஷர் இங்கிலாந்து வயல்களுக்கு வகுத்த வழி, பட்டறைக்கும் அப்படியே பொருந்துகிறது.

அடுத்து எத்தனை கல் என்ற கேள்வி. ஐம்பது ஐம்பது போதும் என்று நினைத்திருந்தார். உடைசல் நூற்றுக்கு 6 என்பது 4 ஆகக் குறைகிறதா என்று நம்பிக்கையோடு சொல்ல (வித்தியாசமே இல்லாதபோது இருக்கிறது என்று தவறிச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம், இருக்கும்போது அதைப் பிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்ற வழக்கமான அளவில்) ஒவ்வொரு மணலிலும் சுமார் 1,900 கல் வேண்டும். 8 என்பது 4 ஆகிறதா என்றால் 550 அளவில் முடிந்துவிடும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு கல் வித்தியாசத்துக்காக நான் மணல் மாத்த மாட்டேன், நாலு குறைஞ்சா மாத்துவேன்" என்றார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் தொழிலுக்குப் பொருட்டு என்பதை வாடிக்கையாளரால்தான் சொல்ல முடியும். பி மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு, அதைச் சொல்லாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் இதை அறிக்கையாக வெளியிட்டது. இன்னும் நம் ஊர் ஆய்வேடுகளுக்கு அது வந்து சேரவில்லை.

ஆய்வேடு என்றதும் நினைவுக்கு வருகிறது. அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சுற்றியுள்ள கல்லூரிகள் என்று ஆராய்ச்சி மாணவர்களுக்கு இங்கே குறைவில்லை. உங்கள் முதல் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான். சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது வருவார்கள். "சார், எஸ்பிஎஸ்எஸ் சாஃப்ட்வேர் ஓட்டி டேபிள் மட்டும் போட்டுக் குடுங்க. பி மதிப்பு 0.05க்குக் கீழ வந்தா நல்லது." 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் ஃபிஷர் சொன்னது இவர்களுக்காகவே சொன்னது போலிருக்கும்: சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதுதான், எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்வார்.

அடிக்கடி பார்க்கிற சாவு ஒன்று உண்டு. ஆறு கல்லூரிகள், கல்லூரிக்கு 50 பேர், மொத்தம் 300 மாணவர்கள். மூன்று கல்லூரிகளில் புதிய கற்பித்தல் முறை, மூன்றில் பழையது. 300 பேர் என்று வைத்து, இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி சோதனை போட்டிருப்பார்கள். ஒரே கல்லூரி மாணவர்கள் ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்கள், அவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமை (0 என்றால் துளியும் இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.1 அளவுக்கு இருந்தாலே, கூடப் படிக்கும் 49 பேரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 1 + 49 × 0.1 = 5.9. 300-ஐ 5.9-ஆல் வகுத்தால், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத 51 பேரிடம் கிடைக்கும் தகவல்தான் மிச்சம். உண்மையில் அதுவும் தாராளம், ஒப்பிடுவது மூன்று கல்லூரிகளை மூன்று கல்லூரிகளோடுதான். இதை மாணவரிடம் சொன்னால் முகம் வாடிவிடும். வழிகாட்டியிடம் சொன்னால் கோபம் வரும். இரண்டுக்கும் பழகிக்கொள்ளுங்கள்.

கணக்கெடுப்பு வேலையும் வரும். செட்டிநாட்டு ஊர்களில் அது தனித் தலைவலி. பாதித் தெரு பூட்டிக் கிடக்கும். கணக்கெடுக்கப் போன பையன்கள் பூட்டிய வீட்டை விட்டுவிட்டுத் திறந்திருக்கிற அடுத்த வீட்டில் கேட்டு எழுதி வந்துவிடுவார்கள். திறந்த வீட்டில் இருப்பது வயதான ஆச்சியோ காவலுக்கு இருப்பவரோ. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற உரிமையாளர்களின் கருத்து என்று அறிக்கையில் அச்சாவது அவர்கள் சொன்னதுதான். அப்புறம், எண்ணுவது வீட்டையா குடும்பத்தையா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நகரத்தார் கோயில் வரியைப் புள்ளிக் கணக்கில் வாங்குகிறார்கள், அதாவது திருமணமான குடும்பம் ஒன்றுக்கு இவ்வளவு. ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்குப் பங்கு இருக்கும். வீட்டைப் பழுது பார்க்கச் சம்மதமா என்ற கேள்விக்கு வீட்டுக்கு ஒரு பதில் வாங்கினால் என்ன பயன்? அந்த ஊர்க் கோயில் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் வினாத்தாள் தயாரித்தவருக்குத் தெரியவில்லை.

படிப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. வகுப்பில் கிடைப்பதெல்லாம் கழுவித் துடைத்த தரவு. நீங்கள் இன்னும் மாணவராக இருக்கும்போதே ஏதாவது ஒன்றை நீங்களே எண்ணிப் பாருங்கள், பேருந்து நிலையத்தில் பேருந்து வரும் நேரமாக இருந்தாலும் சரி. நண்பர் ஒருவரைத் தனியாக எண்ணச் சொல்லி இரண்டையும் ஒப்பிடுங்கள். இந்தியப் புள்ளியியலின் முன்னோடி மகலனோபிஸ் வங்காளச் சணல் கணக்கெடுப்பில் வெவ்வேறு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி ஒப்பிட்டது, ஆளுக்கு ஆள் கணக்கு மாறுமோ என்ற இந்தச் சந்தேகத்தால்தான். ஆர் மென்பொருள் இலவசம், அதைக் கற்றுக்கொள்ளுங்கள். மீதி வேலையில் வரும்.

கட்டணம். முதல் சந்திப்புக்கே வாங்குங்கள், இல்லையென்றால் முன்பாதி முழுவதும் இலவசமாகப் போய்விடும். அட்டவணைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். ஆய்வேட்டையே எழுதித் தரக் கேட்பார்கள், நல்ல பணமும் தருவார்கள், நான் எடுப்பதில்லை. தரவு சேகரிக்கும் முன்பே வருகிறவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறேன். அப்படி வருகிறவர்கள் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். பலகையால்தானா என்று கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்கப் பலகை வைக்காத இன்னொரு ஆலோசகர் ஊரில் இல்லை. நீங்கள் வந்தால் பார்க்கலாம்.