எழுபது ரூபாய் எங்கே இடித்தது?

ஐயா,

எங்கள் வள்ளம் வடகடலுக்கு (பாக் நீரிணைப் பக்கம்) தொழிலுக்குப் போகுமுன் கையில் இருந்த 4000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டேன். டீசல் லிட்டர் 95, ஐஸ் பார் 150, இரையும் சாப்பாடும் 700. ஐஸ் ஆறு பார் என்று வைத்து அசமன்பாடு (≤, ≥ குறி வைத்து எழுதும் கணக்கு) போட்டதில், டீசல் 25.26 லிட்டருக்குக் குறையக்கூடாது என்று வந்தது. 26 லிட்டர் பிடித்தேன். 70 ரூபாய் கடன் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எங்கே தப்பு?

வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள நண்பருக்கு,

எழுதிய வரி சரி, தீர்த்த இடத்தில்தான் பிழை. டீசல் ‘ட’ லிட்டர், ஐஸ் ‘ப’ பார் என்றால்

95ட + 150ப + 700 ≤ 4000

ப = 6 என்றால் −95ட ≥ −2400 என்று வந்திருக்கும். இங்கே −95ஆல் வகுத்துவிட்டு ≥ குறியை அப்படியே விட்டுவிட்டீர்கள். குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்ப வேண்டும். 3 பெரியது, 2 சிறியது. ஆனால் −3 சிறியது, −2 பெரியது. வரிசையே தலைகீழாகிறதல்லவா? ஆகவே சரியான விடை ட ≤ 25.26. அது உச்சவரம்பு, நீங்கள் அதைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

இந்த வம்பே வேண்டாமென்றால் 95டவை மறுபக்கம் கொண்டுபோங்கள்: 2400 ≥ 95ட. விடை வந்ததும் ட = 0 போட்டுப் பாருங்கள். டீசலே வாங்காவிட்டால் காசு கட்டாயம் போதும். ஆனால் உங்கள் விடை ‘போதாது’ என்கிறது. பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும்.

இனி முக்கியமானது. கைக்காசு மேல்வரம்புதான் தரும். போய்த் திரும்ப எவ்வளவு டீசல் வேண்டும் என்ற கீழ்வரம்பைத் தனி வரியாக எழுத வேண்டும். மணிக்கு 3 லிட்டர், 8 மணி நேர ஓட்டம், கையிருப்பு 1 லிட்டர் என்றால் ட ≥ 25. வடகடலிலிருந்து திரும்பும்போது கச்சான் (தென்மேற்குக் காற்று) எதிர்க்காற்றாக அடிக்கும், எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். அந்த நாட்களுக்கு ட ≥ 28 என்று வையுங்கள். ஐஸுக்கு ப ≥ 5 என்றும் வைத்தால்?

28 × 95 = 2660; ஐஸ் 750; மற்றது 700. மொத்தம் 4110. மூன்று வரிகளுக்கும் பொருந்தும் எண்ணே கிடையாது. இதைக் கணக்குத் தப்பு என்று நினைத்து ட-வைக் குறைத்துவிடாதீர்கள். கரையில் இருக்கும்போதே 110 ரூபாய் குறைகிறது என்று அது சொல்லிவிட்டது.

முழுமையாக்கும்போதும் கவனம் வேண்டும். 28 லிட்டர் போக ஐஸுக்கு 640 ரூபாய் மிஞ்சும், ப ≤ 4.27. பார் முழுசாகத்தான் வாங்குவீர்கள் என்றால் 4தான். காசின் வரம்பைக் கீழ்நோக்கி முழுமையாக்குங்கள். தேவையின் வரம்பு 27.3 என்று வந்தால் மேல்நோக்கி 28.

காசு புரட்ட முடியாத நாளில் ஐஸைக் குறையுங்கள், டீசலில் கைவைக்காதீர்கள். 28 லிட்டர், 4 பார் என்றால் 3960 ரூபாய். நாலு பார் தாங்கும் மீன் விழுந்ததும் வள்ளத்தைத் திருப்பிவிடுங்கள்.