மில்லில் அப்பும் மரத்தூள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தோப்பில் விழுந்த பலாமரங்களை அறுக்க, இழுத்துப் போகிற பேண்ட் சா மில் (இரண்டு வீல்களைச் சுற்றி வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் இயந்திரம்) ஒன்று வாங்கினோம். அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது. பிறகு ஒரே அதிர்வு. பிளேடு வீலில் முன்னும் பின்னும் நகர்கிறது. பிளேடின் டென்ஷனை (இறுக்கத்தை) கூட்டினால் கொஞ்ச நேரம் அடங்குகிறது. வீல் பேரிங் போய்விட்டதா?
— வாசகர், பண்ருட்டி

பேரிங்கில் கை வைப்பதற்கு முன் வீல் மூடியைத் திறந்து பாருங்கள். இந்த அளவு மில்கள் பலவற்றில் பிளேடு நேராக இரும்பு வீலில் ஓடாது. வீலின் பள்ளத்தில் மாட்டிய ரப்பர் வி-பெல்ட்டின் மேல்தான் ஓடும். பலாவில் பால் அதிகம். ஈரத் தூள் அந்தப் பாலோடு சேர்ந்து பெல்ட்டில் அப்பி, பிளேடு அழுத்த அழுத்த இறுகிவிடும். நகத்தால் நெம்பினால் காய்ந்த தோசை மாவு போல ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். அது சுற்றிலும் ஒரே கனத்தில் படிந்தால்கூடப் பரவாயில்லை. ஓரிடத்தில் மேடும் இன்னோர் இடத்தில் பள்ளமுமாகப் படிவதால், ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு ஒருமுறை இழுபட்டுத் தளர்கிறது. நீங்கள் சொல்லும் அதிர்வு பெரும்பாலும் அதுதான்.

டென்ஷனைக் கூட்டினால் அடங்குவது உண்மை. ஆனால் அந்த மேட்டின் மேல் பிளேடு இன்னும் கூடுதலாக வளைந்து, பல்லிடுக்கில் விரிசல் விடும். இரண்டு நாளில் பிளேடு அறுந்தால் விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

சுத்தம் செய்யும்போது முதலில் எஞ்சினை நிறுத்தி ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றுங்கள். மோட்டார் என்றால் மெயினை அணைத்து ஃபியூஸை எடுத்துவிடுங்கள். கையுறை போட்டு, டென்ஷனைத் தளர்த்தி, பிளேடை எடுங்கள். வீலைக் கையால் சுற்றிக்கொண்டே மரச்சில் அல்லது பிளாஸ்டிக் பட்டையால் பெல்ட்டைச் சுரண்டுங்கள். இரும்புப் பட்டை பெல்ட்டைக் கீறும். கீறிய இடத்தில்தான் அடுத்த முறை தூள் முதலில் பிடிக்கும்.

அடுத்து, பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை: பெல்ட்டையே நெம்பி எடுத்து அடியில் பார்ப்பது. பள்ளத்துக்குள் தூள் புகுந்து கெட்டியாகியிருந்தால், மேலே எவ்வளவு சுரண்டினாலும் அதிர்வு போகாது. இரும்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம். பெல்ட்டுக்கு மட்டும் சோப்புத் தண்ணீர்தான். மண்ணெண்ணெயும் டீசலும் ரப்பரை உப்ப வைக்கும். வீலின் இரும்பு விளிம்பைப் பிளேடு தொடும் அளவுக்குப் பெல்ட் தேய்ந்திருந்தால், சுத்தம் செய்வதை விட்டுவிட்டு இரண்டு வீலுக்கும் புதுப் பெல்ட் போடுங்கள்.

மரத்தை அறுத்து வெளிவரும் பிளேடு முதலில் போய்ச் சேர்கிற வீலில்தான் தூள் அதிகம் சேரும். நேரம் இல்லாத நாளில் அதையாவது பாருங்கள். பிளேடு மாற்றும்போதெல்லாம் இரண்டு வீலையும் துடைப்பது என்று பழகிக்கொண்டால் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. திரும்ப மாட்டியதும் வீலைக் கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பிளேடு இடம் மாறாமல் ஓடுகிறதா என்று பார்த்து, மூடியைப் பூட்டிய பிறகே எஞ்சினை முடுக்குங்கள். வேலை முடிந்த இரவில் டென்ஷனைத் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் பிளேடு அழுத்தும் இடத்தில் பெல்ட் தட்டையாகி, காலையில் மறுபடி அதே அதிர்வு வரும்.

பிளேடுக்குத் தண்ணீர் எவ்வளவு விடவேண்டும்? நிறைய விட்டால் தூள் சேறாகிறது, குறைத்தால் பிசின் ஒட்டுகிறது.
— வாசகர், குலசேகரம்

தண்ணீர் பிளேடைக் குளிப்பாட்ட அல்ல, பிசின் பிடிக்காமல் இருக்க. சொட்டுச் சொட்டாக விழுந்தால் போதும். மணிக்கு 4 முதல் 7 லிட்டருக்குள் பெரும்பாலான மரங்கள் அடங்கிவிடும். காய்ந்த, பிசின் இல்லாத மரத்துக்கு அதுவும் வேண்டாம். ரப்பர், பலா மாதிரிப் பால் மரங்களுக்கு 20 லிட்டர் கேனில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் 100 மில்லி கலந்து பாருங்கள். தண்ணீரைக் கூட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்யும். அறுத்த பலகையின் முகம் நனைந்து பளபளத்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். குழாயைக் கொஞ்சம் மூடுங்கள்.

பிளேடைக் கழற்றப் போகும் முன், மரத்தில் படாமல், தண்ணீரோடு ஒரு 15 விநாடி சும்மா ஓடவிட்டால் பிசின் பாதி கழன்றுவிடும். கழற்றியதும் துணியால் துடைத்து உலர்த்தி வையுங்கள். ஈரத் தூளோடு சுருட்டி வைத்த பிளேடு மறுநாளே துருப்பிடிக்கும்.

டீசல் ஊற்றிப் பிசினைக் கரைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பிசின் கரையும்தான். பெல்ட்டும் கெடும், பலகையில் வாடையும் நிற்கும், சூடான சைலன்சர் பக்கத்திலேயே டீசல் ஊறிய தூளும் குவியும். வேண்டாம்.

பலகை ஒரு முனையில் ஒரு அங்குலம், மறுமுனையில் அதைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் கூடுதல். பிளேடு புதுசு. எங்கே தவறு?
— வாசகர், பட்டுக்கோட்டை

தடியைப் புரட்டும்போது அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். மரம் உட்காரும் குறுக்குச் சட்டத்தில் ஒரு பட்டைத் துண்டு சிக்கினால் போதும், அந்த முனை அத்தனை மில்லிமீட்டர் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஒரு துடைப்ப வீச்சு. வேறு வைத்தியம் இல்லை.

அதிலும் சரியாகாவிட்டால் பிளேடைத் தாங்கிய தலைப்பகுதி ஓடும் தண்டவாளத்தைப் பாருங்கள். தூள் இறுகிய இடத்தில் சக்கரம் ஏறி இறங்கும்; பலகையில் அதே இடத்தில், எல்லாப் பலகையிலும், ஒரு மேடு தெரியும். தண்டவாளத்தில் கிரீஸ் தடவாதீர்கள். கிரீஸும் தூளும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். லேசான எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்துவிடுங்கள். ஏற்றி இறக்கும் திருகுத் தண்டையும் சங்கிலியையும் பிரஷ்ஷால் தட்டுவதே முக்கியம், எண்ணெய் பிறகுதான்.

பலகை அலை அலையாக வந்தால் அது வேறு கதை. பிளேடைத் தாங்கும் கைடு ரோலரின் முகத்தில் பிசின் படிந்திருக்கலாம். பிசின் கனத்துக்கு ஏற்பப் பிளேடு சாய்ந்து ஓடும். ரோலரைக் கையால் சுழற்றுங்கள்: கரகரவென்றால் உள்ளே தூள் புகுந்த பேரிங், மாற்ற வேண்டியதுதான். சத்தமில்லாமல் சுழன்றால் துடைத்தால் போதும். ரோலர் விளிம்புக்கும் பிளேடின் முதுகுக்கும் நடுவே சுமார் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அங்கே தூள் அடைத்தால் முதுகு தேய்ந்து சூடாகும்.

கம்ப்ரசர் காற்றால் மில் முழுவதையும் ஊதிவிடலாமா?
— வாசகர், சத்தியமங்கலம்

ஊதலாம், பேரிங் பக்கம் மட்டும் வேண்டாம். வேகக் காற்று பேரிங்கின் தூசித் தடுப்பு வளையத்தைத் (சீல்) தாண்டித் தூளை உள்ளே தள்ளும். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி, சுத்தம் செய்யும் காற்றின் அழுத்தத்துக்கு 30 பிஎஸ்ஐக்குக் (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) குறைவு என்று வரம்பு வைத்திருக்கிறது. நம் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. இலைச் சருகு ஊதும் பிளோயர் இருந்தால் அது இன்னும் நல்லது. கண்ணாடியும் என்95 முகக்கவசமும் கட்டாயம்: மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே வகைப்படுத்திவிட்டது. மின்பெட்டியை ஊதுவதானால் மெயினை அணைத்துவிட்டு. தண்ணீர் பீய்ச்சவே கூடாது.

பெட்ரோல் எஞ்சின் மதியத்துக்குமேல் இழுவை குறைகிறது, கறுப்புப் புகை வருகிறது.
— வாசகர், தென்காசி

காற்று வடிகட்டி அடைத்திருக்கும். மேலுள்ள பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். உள்ளே காகித வடிகட்டி இருந்தால் தட்டுவதோடு சரி, கழுவக்கூடாது, கறுத்திருந்தால் மாற்றுங்கள். 25 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று புத்தகத்தில் இருந்தால், தூசியில் ஓடும் மில்லுக்கு அதைப் பாதியாகக் கொள்ளுங்கள்.

அதோடு சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் தகடுகளின் இடுக்கையும் பாருங்கள். அங்கே தூள் அடைத்தால் எஞ்சின் சூடேறிப் பழுதாகும். சைலன்சர் மேல் படிந்த தூள் புகைந்துகொண்டே கிடந்து, நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். நிறுத்தியதும் அந்த இடத்தைத் தட்டிவிட்டு, அரை மணி கழித்து ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் படுதாவை மூடுங்கள்.

தூள் வெளியேறும் குழாய் அடிக்கடி அடைக்கிறது.
— வாசகர், நத்தம்

குழாயில் வளைவு எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் நேராக்குங்கள். பச்சை மரத்தில் நீள நீளமாக நார் வந்தால் குழாயைக் கழற்றிவிட்டு வெறும் வாயாகவே விடலாம்; தூள் ஆள் நிற்காத பக்கம் விழுந்தால் சரி. மாவு மாதிரி நைசாகத் தூள் வந்தால் குழாய்மேல் குற்றமில்லை, பிளேடு மழுங்கியிருக்கிறது. தடியின் பட்டையில் ஒட்டிய மண்ணை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகே ஏற்றுங்கள். பல் மழுங்குவதில் பாதி அந்த மண்ணால்தான்.