தருமபுரியில் ஆப்பிள் பூக்குமா?

அன்புள்ள ஐயா,

என் மாமா சிம்லாவிலிருந்து ராயல் டெலிஷியஸ் ஒட்டுக்கன்று கொண்டுவந்து தோட்டத்தில் வைத்தார். சில வருடங்களாக இலைதான், பூவே இல்லை. "பல காலம் நிற்கிற மரம், போகப்போக நம்ம வெயிலுக்குப் பழகிப் பூக்கும்" என்கிறார். ஊரின் தட்பவெப்பத்துக்கேற்பப் பூக்கும் பருவம் மரபணுவிலேயே மாறும் என்று நீங்களும் எழுதியிருந்தீர்கள். மாமா சொல்வது சரியா?

க., தருமபுரி

அன்புள்ள க.,

அந்த மரம் பழகாது. நான் எழுதியது விதை வழியாக வரும் சந்ததியைப் பற்றி.

ஆப்பிள் மொட்டைக் குளிர்காலத்தில் உறங்க வைப்பவை அதற்குள் இருக்கும் சில மரபணுக்கள். வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அவை அடங்கும், மொட்டு விழிக்கும். ராயல் டெலிஷியஸுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1000 மணி நேரம் வேண்டும். உங்கள் ஊரில் மார்கழியிலும் அது கிடைக்காது. ஒட்டுக்கன்று தாய்மரத்தின் அச்சு அசல் என்பதால், எத்தனை வயதானாலும் அந்தத் தேவை மாறாது.

சந்ததி மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் பர்ப்பிள் லூஸ்ஸ்ட்ரைஃபைப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு வந்த பல்லாண்டுச் செடி. வடக்கே பரவப் பரவ கோடை குறுகியது. தாமதமாகப் பூத்தவை விதை முற்றுமுன் பனியில் கருகின. முந்திப் பூத்தவற்றின் வாரிசுகள் நிலைத்தன. முந்துவதற்கும் விலை உண்டு: செடி வளருமுன்னே பூப்பதால் உருவம் சிறுத்துவிடும். கோலாட்டி, பாரெட் என்ற இரு ஆய்வாளர்கள் வடக்கு, தெற்கு விதைகளை மூன்று வெவ்வேறு இடங்களில் சேர்த்தே வளர்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். வடக்கே வடக்கத்திச் செடிக்கும் தெற்கே தெற்கத்திச் செடிக்கும்தான் விளைச்சல் அதிகம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஒரு செடி தன் ஊரைத் தன் விதையில் எழுதி வைத்திருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியவை குறைவு.

ஆப்பிளிலும் விதை ஒன்றுதான் வழி திறந்தது. இமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், 1,800 அடி உயரமே உள்ள, அதனால் வெப்பமான பனியாலா கிராமத்தில், ஹரிமன் சர்மா தின்றுபோட்ட ஆப்பிளின் விதை கொல்லையில் முளைத்தது. 2001-இல் காய்த்தது! எல்லா விதையும் அப்படி அமையாது, அவர் அதைக் கவனித்துக் காப்பாற்றினார். இன்றைய எச்.ஆர்.எம்.என்.-99 ரகம் அதன் வழி வந்ததுதான்.

மாமாவிடம் அந்த ரகத்தையோ, குறைந்த குளிரே போதுமான, இஸ்ரேலில் உருவான அன்னா ரகத்தையோ வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அன்னா என்றால், மகரந்தம் தர டார்செட் கோல்டன் என்ற இன்னொரு ஆப்பிள் ரகத்தின் கன்று ஒன்றும் பக்கத்தில் வேண்டும்.